நசரத்பேட்டையில் நான் மோதவிட்ட விமானம்

மஸ்கட்டில் இருக்கும் எங்கள் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். என் மனைவி சாந்தியோ விமானம் ஏறவே மாட்டேன் என்கிறாள். போன முறை மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது விமானம் திடீரென்று ஜிவ்வென்று மேலே ஏறியது. பக்கத்தில் இன்னொரு விமானம் வந்ததாகச் சொல்லி பைலட் ஒரே வரியில் முடித்துக்கொண்டார். எதையோ மறைக்கிறார்கள் என்று அப்போதே சொன்னேன். விசாரித்துவிடுவோம் என்று போன சனிக்கிழமை காலை ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து சாந்தியையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். நசரத்பேட்டை பக்கம் காசு கட்டினால் திரையில் விமானம் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர் இருக்கிறதாம்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு பஸ், சுமார் பத்து கிலோமீட்டர். சென்னீர்குப்பத்தில் வழக்கம்போல நெரிசல். பூந்தமல்லியிலிருந்து ஷேர் ஆட்டோ, தலைக்கு இருபது ரூபாய்.

"பிளேனா? அங்க இன்னா சார் கீது, வெறும் ஷெட்டு" என்றார் ஆட்டோக்காரர்.

ஷெட்தான். உள்ளே பயிற்சியாளர் நிர்மல், முப்பது வயதிருக்கும், ரொம்பவும் சிரித்தார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

"ரெண்டு பிளேன்லயும் ஒரு பெட்டி இருக்கும் சார். ஒண்ணு கேக்கும், இன்னொண்ணு பதில் சொல்லும். கிட்ட வந்தா எச்சரிக்கும். இன்னும் நெருங்கினா, பெட்டிங்களே பேசி வச்சு ஒருத்தரை ஏறச் சொல்லும், இன்னொருத்தரை இறங்கச் சொல்லும்."

"அவன் பெட்டி ஆஃப்ல இருந்தா?"

"அப்ப நம்ம பெட்டிக்குத் தெரியாது சார். கீழே தரையில இருக்கிற கண்ட்ரோலர்தான் ரேடார்ல பாத்துச் சொல்லணும்."

பார்த்தாயா என்பதுபோல் சாந்தியைத் திரும்பிப் பார்த்தேன்.

ஓட்ட உட்கார்ந்தேன். நான் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவு. ஒரு கருவி காட்டும் அளவை இன்னொன்றில் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டதே இல்லை. பெட்டி "ஏறு, ஏறு" என்று கத்தியது. அதே நேரம் ஹெட்போனில் கண்ட்ரோலர் குரல், "இறங்குங்க."

"எது சரி? செக் பண்ணிச் சொல்லுங்க" என்றேன். மறுபடியும் "இறங்குங்க" என்றது குரல். மனுஷன் சொல்கிறானே என்று இறக்கினேன். எதிரே வந்த விமானமும் இறங்கிக்கொண்டிருந்தது. திரை முழுக்கச் சிவப்பு.

"அந்தக் குரல் நான்தான் சார்" என்றார் நிர்மல். "பெட்டி ஏறச் சொன்னா, கண்ட்ரோலர் வேற சொன்னாலும் ஏறித்தான் ஆகணும். இதுலதான் எல்லாரும் மாட்டுவாங்க."

அடப்பாவி! இரண்டாவது முறை வாய் பேசாமல் ஏற்றினேன். அதே ஜிவ். அன்றைக்கு அந்த பைலட் செய்ததும் இதைத்தான். மறைக்க அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை என்று புரிந்தபோது வெட்கமாக இருந்தது.

போகிறவர்களுக்கு: ஒரு மணி நேரத்துக்கு இரண்டாயிரம் ரூபாய். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். திரும்பும்போது தனி ஆட்டோ பிடித்தால் பேரம் பேசாமல் ஏறாதீர்கள்.

பஸ் ஸ்டாப்பிலேயே சாந்தி மகளுக்கு போன் போட்டாள். "டிக்கெட் போடுடி, வர்றேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "ரெண்டா போடச் சொல்லு" என்றேன்.

"ஒண்ணு போதும்டி" என்றாள் போனில். "உங்கப்பா பக்கத்துல உக்காந்து காதுல ஓதிக்கிட்டே வருவாரு. எனக்குப் பயமே அதுதான்."