பம்பு போய்விட்டது என்று சொன்னேன்

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த நாட்கள். கள்ளக்குறிச்சியில் ஒரு முதலாளியின் அம்பாசடருக்கு நான் டிரைவர். என் தங்கை வெள்ளிமலையில் இருந்தாள். அப்பாவுக்கு அங்கே வனத்துறையில் காவல் வேலை. ஆசிரியர் பயிற்சிக்கு அவளை நேர்முகத்துக்கு அழைத்திருந்தார்கள். கள்ளக்குறிச்சிக்குப் பகல் ஒரு மணிக்குள் வந்தாக வேண்டும். வயது வரம்புக்கு அதுதான் அவளுக்குக் கடைசி வருஷம். பஸ் ஓடவில்லை. முதலாளியிடம் கெஞ்சிக் காரை வாங்கி, முந்தின நாளே மலையேறினேன்.

பங்க்குகள் மூடிக் கிடந்தன. டேங்கில் இருந்ததுதான் பெட்ரோல். அதுவும் கொண்டை ஊசி வளைவுகளில் டேங்க் மூடியின் பொடி ஓட்டை வழியாகத் தளும்பிச் சிந்தியது. வெள்ளிமலை சேர்ந்ததும் துணி சோப்பைப் பிசைந்து அந்த ஓட்டையை அடைத்தேன். ஒழுகும் டேங்குக்கு நாங்கள் எல்லோரும் சோப்புதான் வைப்போம். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு வேறு.

காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். ஏழெட்டு கிலோமீட்டரில், ஓர் ஏற்றத்தில், இஞ்சின் இருமிவிட்டு நின்றது. பிளக் ஒயரைக் கழற்றிப் பிடித்து, தங்கையைச் சாவி போடச் சொன்னேன். பொறி நீலமாகத் தெறித்தது. அப்படியானால் கோளாறு பெட்ரோல் வழியில்தான். பம்பைப் பிரித்தேன், பழுதில்லை. டேங்கிலிருந்து வரும் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினேன். ஒரு சொட்டு வரவில்லை. எல்லாவற்றையும் மாட்டிச் சாவி போட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது. கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நின்றது. இப்படி மூன்று தடவை. தங்கை சர்டிபிகேட் பையை மடியில் வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தாள். மணி என்ன என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்காதது என்னைக் கொன்றது.

கடைசியில், பெட்ரோல் எவ்வளவு இருக்கிறதென்று குச்சி விட்டுப் பார்க்க மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. பெட்ரோல் குறையக் குறைய அந்த ஓட்டை வழியாகக் காற்று போனால்தான் பம்பால் இழுக்க முடியும். டேங்கின் மூச்சை நானே அடைத்திருந்தேன்.

"இன்னாண்ணா கோளாறு?" என்றாள்.

"பம்பு போச்சும்மா. சரி பண்ணிட்டேன்."

சோப்பைச் சுரண்டி எறிந்தேன். அதன்பின் கார் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. வடக்கனந்தல் தாண்டியபோது பன்னிரண்டு மணி. ரோட்டுக்குக் குறுக்கே புளியமரம் கிடந்தது. வெட்டி ஒரு மணி நேரம்தான் ஆகிறது என்றார்கள் அங்கே நின்றவர்கள். அவர்கள் எங்கள் ஜனம்தான். படிப்பிலும் வேலையிலும் இடம் கேட்டு வெட்டியிருந்தார்கள். அவர்கள்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. தங்கை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மரத்தின்மேல் ஏறி இறங்கி, மீதிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரையும் நடந்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது அலுவலகத்தில் யாரும் இல்லை.

அவளை மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். இப்போது கரும்பு வெட்டும் வேலைக்குப் போகிறாள். போன மாதம் அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீ ஏன் டீச்சராகவில்லை என்று அவள் மகள் அவளிடம் கேட்டது.

"எங்கண்ணன் அன்னிக்கி பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பம்பு போச்சு, அண்ணன் இன்னா பண்ணும்?" என்று சொல்லிவிட்டு, எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

நான் தலையைத் தூக்காமல் சாப்பிட்டு முடித்தேன்.