பந்தல்காரர் இறுக்கிய கோன்செட்

எங்கள் வீட்டுப் பின்சுவரில், கொடிக்கயிறு கட்டியிருக்கும் ஆணியில் ஓர் இரும்புக் கம்பி தொங்குகிறது. ஒரு முழ நீளம், முழுக்கத் திருகு மரை ஓடியது. இரண்டு நட்டும், நடுவில் துளையிட்ட இரண்டு தடித்த தகடுகளும் அதில் கோத்திருக்கும். இது எதற்கு என்று யாராவது கேட்டால் பைக்குக்கு என்பேன் நான். எங்கள் அண்ணன் கல்யாணத்துக்கு என்பாள் என் மனைவி. இரண்டும் சரிதான்.

கம்பி என் மச்சானுடையது. மனைவியின் அண்ணன். கம்பம் பக்கத்துத் தோட்டங்களில் திராட்சைப் பந்தலுக்குக் கம்பி இழுத்துக் கட்டுவது அவர் தொழில். இந்த மரைக்கம்பியைக் கல்தூணில் பொருத்தி நட்டைத் திருகத் திருகப் பந்தல் கம்பி விறைக்கும். விரலால் சுண்டிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பார். விண்ணென்று சத்தம் வந்தால்தான் அடுத்த தூணுக்கு நகர்வார். அதிகம் பேசமாட்டார். நானும் பேசமாட்டேன். நாங்கள் இருவரும் ஒரு மத்தியானம் முழுவதும் சேர்ந்திருந்தால் வீட்டில் யாரும் இல்லையென்று நினைத்து அடுத்த வீட்டுக்காரர் கதவைச் சாத்திவிட்டுப் போவார்.

முப்பத்தெட்டு வயதாகியும் அவருக்குப் பெண் அமையவில்லை. எவ்வளவு உயரத்திலும் நிற்பார், வேனில் ஏறினால் மட்டும் வாந்தி. கடைசியாகப் பார்க்கப் போன வீட்டில் வேனைவிட்டு இறங்கியதும் அவர்கள் வாசலிலேயே எடுத்துவிட்டார். மாப்பிள்ளைக்கு ஏதோ சீக்கு என்று அங்கே முடிவுகட்டிவிட்டார்கள். அதனால் பெரியகுளத்துப் பெண்ணைப் பார்க்க அவரை என் பைக்கில் கூட்டிவருவது என்றும் மற்றவர்கள் வேனில் வருவது என்றும் பேச்சு. இதுவும் தட்டிப்போனால் இனி யார் வீட்டுப் படியும் ஏறுவதில்லை என்று அவர் என் மனைவியிடம் சொல்லியிருந்தார்.

முதல்நாள் சாயங்காலம் பார்த்து, பிரேக்கைப் பிடித்தால் ஹேண்டிலில் கடக் கடக் என்று ஆட்டம். ஹேண்டிலின் கழுத்துக்குள் மேலும் கீழும் இருக்கும் பேரிங்கை இங்கே கோன்செட் என்போம். அது தேய்ந்துபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பட்டறை கிடையாது, திங்கட்கிழமை வா என்றார் மெக்கானிக். புதுக் கோன்செட்டை மட்டும் வாங்கிவந்தேன். அவர் மாட்டுவதை நின்று பார்த்த பழக்கம் எனக்கு உண்டு.

மறுநாள் மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வந்ததும் மச்சானும் நானும் எங்கள் வீட்டு முற்றத்தில் சாக்கை விரித்தோம். முன்சக்கரத்தையும் ஃபோர்க்கையும் கழற்றி, பேரிங் குண்டுகள் உட்காரும் பழைய கிண்ணங்களை உள்ளிருந்து நீளக் கம்பியால் தட்டி எடுத்தாயிற்று. புதுக் கிண்ணத்தைச் சுத்தியலால் அடித்தேன். ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. இன்னொரு அடி அடித்திருந்தால் விளிம்பு உடைந்திருக்கும். மச்சான் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு உள்ளே போய்த் தன் பையிலிருந்த மரைக்கம்பியை எடுத்துவந்தார். கழுத்துக்குள் நுழைத்து, மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு வைத்து, நட்டை மெல்லத் திருகினார். இரண்டு கிண்ணமும் கோணாமல் போய் உட்கார்ந்தன. எனக்குக் கைதட்டலாம் போலிருந்தது.

கிரீஸை அப்பிக் குண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டவைத்து ஃபோர்க்கை ஏற்றினோம். மேல்நட்டை இறுக்குவதற்கு, அறுந்த பட்டைக் கம்பியின் முனையை வளைத்துக் கொக்கி ஸ்பேனர் ஒன்றை அங்கேயே செய்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆட்டம் போனபிறகும் பந்தல் ஞாபகத்தில் இறுக்கிக்கொண்டே போனார். போதும் மச்சான் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

வண்டி ஊரைத் தாண்டியதும் தெரிந்துவிட்டது. ஹேண்டில் வைத்த இடத்திலேயே நின்றது. இந்தப் பக்கம் திருத்தினால் அந்தப் பக்கம் போய், சின்னமனூர் வரை பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போனோம். வேனில் எங்களைக் கடந்த என் மனைவி ஜன்னலில் தலையை நீட்டி, "ரெண்டு பேரும் எங்கனயும் ஊத்திட்டு வந்தீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். வீரபாண்டியில் ஒரு புளியமர நிழலில் நிறுத்தினேன். என் வாழ்க்கையில் அவரிடம் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அன்றுதான் வந்தது.

"மச்சான், இது பந்தல் இல்ல. ஹேண்டிலு தன்னால விழுகணும்."

"அத முத்தத்துலயே சொல்ல வேண்டியதுதான மாப்ள?"

துண்டில் சுற்றிவைத்திருந்த ஸ்பேனரை எடுத்தார். நான் பின்பக்கம் அமுக்கி முன்சக்கரத்தைத் தூக்கினேன். அவர் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். விரலால் தொட்டதும் ஹேண்டில் தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தேன், ஆட்டமும் இல்லை. அங்கிருந்து பெரியகுளம் வரை வண்டி பூப்போல ஓடியது.

ஆனால் கை நிறையக் கிரீஸோடு போய் இறங்கினோம். காப்பித் தட்டோடு வந்த பெண் மச்சானின் கையைப் பார்த்தாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். என் மாமியார் என்னை முறைத்தார். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு எழப்போனார். அதற்குள் அவள் ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெயும் சீனியும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதப் போட்டுத் தேச்சுக் கழுவுங்க, போயிரும். பந்தல் வேலைன்னுதான சொன்னாக, கிரீசு எப்பிடி?"

மச்சான் சீனியைத் தேய்த்துக்கொண்டே பேசத் தொடங்கினார். கிண்ணம் சாய்ந்ததிலிருந்து வேனில் என் மனைவி கேட்டது வரை ஒன்று விடவில்லை. அவர் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதே இல்லை. கூடம் முழுக்கச் சிரித்தது. அவள் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"இப்பயாச்சும் எம்புட்டு இறுக்கணும்னு தெரிஞ்சிருச்சா?"

அந்த வருடமே மாதா கோயிலில் கல்யாணம். கம்பி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

போன வாரம் என் பைக்கில் மறுபடியும் கடக் என்றது. இப்போது நானே மாற்றிக்கொள்கிறேன். விருந்துக்கு வந்திருந்த மச்சான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் அவர் மனைவி வந்து ஒரு விரலால் ஹேண்டிலைத் தொட்டுப் பார்த்தார். அது தானாகச் சாய்ந்தது. "பரவால்லண்ணே" என்று சொல்லிவிட்டு எண்ணெயும் சீனியும் எடுக்க உள்ளே போனார்.

சீனி போட்டுக் கையைத் தேய்த்தபடியே கம்பியை எடுத்து ஆணியில் மாட்டினேன். மறுநாள் காலையில் பார்த்தால், மரை மரையாக அதில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.