கிருமி வளர வேண்டும் என்று செபித்தேன்

நம் அன்பியச் செபக் கூட்டத்துச் சகோதர சகோதரிகளே, நான் உங்கள் முன் ஒருமுறை அவசரப்பட்டுச் சாட்சி சொன்னவள். அதன் பிறகு நடந்ததைச் சொல்ல எழுதுகிறேன்.

எங்கள் மகள் ஷைனிக்கு மூன்று வயது. தவக்காலத்தின் முதல் வாரம், தெருமுனையில் கொட்டிக் கிடந்த உடைந்த பீங்கான் சில்லுகள் மேல் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தது. டாக்டர் ஏழு நாளைக்கு ஆன்டிபயாடிக் சிரப் எழுதிக் கொடுத்தார். செபமாலையும் சொன்னேன், மருந்தும் ஊற்றினேன். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அன்று மாலையே நம் கூட்டத்தில் எழுந்து, ஆண்டவர் என் மகளுக்குச் சுகம் தந்தார் என்றேன். எல்லோரும் கைதட்டினீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் குழப்பம். சுகம் கிடைத்தது என்று சொல்லிவிட்டு மறுபடி மருந்து ஊற்றினால், என் சாட்சியை நானே நம்பவில்லை என்றுதானே ஆகும்? பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன்.

சூளை வேலை முடிந்து வந்த என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "பாதி அப்புடியே இருக்குதே?" என்றார்.

"காய்ச்சல்தான் வுட்டுடுச்சே" என்றேன்.

நான்கே நாளில் காய்ச்சல் திரும்பியது. முழங்கால் வீங்கிப் பளபளத்தது. காலைத் தொடவிடாமல் அலறினாள். புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கிருமி மூட்டுக்குள் போய்விட்டது, உடனே சீழை எடுக்க வேண்டும், இரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்து என்றார்கள்.

"கொடுத்த மருந்த முழுசா முடிச்சீங்களாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"முடிச்சேன் மேடம்."

நான் பி.எஸ்சி. படித்தவள். வாய் கூசாமல் சொன்னேன்.

சீழை எடுத்து, அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்க லேபுக்கு அனுப்பினார்கள். எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் எந்த மருந்து கேட்கும் என்று தெரியும். அதுவரை ஓர் உத்தேசத்தில் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். இரண்டு நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. லேபிலும் எதுவும் வளரவில்லை. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து, "ஆண்டவரே, பிள்ளையைக் காப்பாற்றும்" என்றேன். அதற்கு மேல் செபம் வரவில்லை. 'முடித்தாயா?' என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. எழுந்து போய் அழுதுகொண்டே டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா? அரகொறயா மருந்து போயிருந்தா கிருமி லேப்ல லேசுல வளராது. இன்னும் சில நாள் வச்சுப் பாக்கச் சொல்றேன்." என் எதிரிலேயே லேபுக்குப் போன் செய்தார்.

அன்று முதல் எந்தத் தாயும் செய்யாத செபம் செய்தேன். கிருமி வளர வேண்டும்! பக்கத்துக் கட்டிலில் தன் பிள்ளையோடு இருந்த மங்கலம்பேட்டை முஸ்லிம் அக்கா ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "கிருமி வளரணும்னு வேண்டுற மொத ஆளு நீதான்டி யம்மா! இரு, நானும் துவா கேக்குறேன். ரெண்டு பேரு கேட்டா அது வளராம எங்க போவும்?" பல நாளுக்குப் பிறகு அன்றுதான் நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நர்ஸ் வந்தார். "வளந்துடுச்சிங்க. இப்ப ஏத்துறது அதுக்குக் கேக்காது. கேக்குற மருந்து ஒண்ணு இருக்குது, உடனே மாத்துறோம்." அப்படியே தரையில் முழந்தாளிட்டேன். மறுநாள் மதியம் ஷைனியின் நெற்றி குளிர்ந்திருந்தது. இட்லி கேட்டாள்.

அதன் பிறகும் வாரக்கணக்கில் மருந்து தொடர்ந்தது. சிலுவை அடையாளம் வரைந்து கொடுப்பேன். ஒரு வேளைகூட விடவில்லை. இப்போது ஓடுகிறாள், பிடிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் இரண்டு தடவை சந்தேகப்படுகிறவள் நான், உங்களுக்கே தெரியும். ஆனால் அந்த மருந்தும் ஆண்டவர் கொடுத்ததுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிள்ளையின் நோயில் தவிக்கும் தாய்மாரே, நம்பிச் செபியுங்கள். உங்களால் நேர்ந்த தவறு இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஆண்டவருக்கு அது முன்பே தெரியும். தெரியாதவர் டாக்டர்தான்.