அருவி பிடிக்கப் போன பிரேக் டீச்சர்

கார் ஓட்டப் பழகுகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் டீச்சர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்து மிதித்தே பிழைப்பை ஓட்டியவள். பொறுமைக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டுதான் சாப்பிடுவாள். அப்படிப்பட்டவள் அக்கா வீட்டுச் சுவரில் தொங்கிய பழங்காலப் புகைப்படத்தைப் பார்த்துச் சும்மா இருந்திருக்கலாம்.

"என்னக்கா படம் இது? வானம் வெறும் வெள்ளை. அருவி கொட்டிப்போன பால் மாதிரி இருக்கு. எடுக்கத் தெரியாதவன் எடுத்ததைப் போய் மாட்டி வெச்சிருக்கே."

அக்கா கல்லூரியில் வேதியியல் சொல்லித்தருகிறவள். விடுமுறை வந்தால் அந்தக் காலத்து முறையில் கண்ணாடித் தகட்டில் படம் எடுக்கக் கிளம்பிவிடுவாள். அந்த அருவிப் படம் அவளுக்கு உயிர். முகம் சுண்டிப்போயிற்று.

"ஞாயித்துக்கிழமை என்னோட வா, நீயே எடு. தண்ணி துளித்துளியாத் தெரிஞ்சா இதைக் கழட்டிப் பரண்ல போட்டுடறேன்."

"பேச்சு மாறக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை அருவிக்கு எதிரே ஆற்றங்கரையில் இருட்டுக் கூடாரம் எழும்பியது. கண்ணாடியில் மருந்து ஊற்றி, வெள்ளிக் கரைசலில் முக்கி, படம் எடுத்து, கழுவ வேண்டும். எல்லாம் ஈரம் காய்வதற்குள். அவசரம்தானே, அது நமக்குக் கைவந்த கலை என்று டீச்சருக்கு ஒரே குஷி.

முதல் கண்ணாடியில் ஊற்றிய மருந்து முழங்கைவரை வழிந்தது. இரண்டாவது, கேமராவை எங்கே வைப்பது என்று அக்காவோடு மல்லுக்கட்டியதில் காய்ந்தே போனது. மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கேமராவில் செருகி, லென்ஸ் மூடியைத் திறந்தாள்.

"இப்ப அசையாதே. இந்த மருந்து மெதுவாத்தான் வேலை செய்யும்."

அதுதான் கொடுமை. அத்தனை ஓட்டமும் ஓடிவிட்டு மரம்போல நிற்க வேண்டும். தண்ணீர் பாட்டுக்கு விழுந்துகொண்டே இருந்தது. அதை நிறுத்த அவள் கால் தானாகத் தரையை அழுத்தியது.

மூடியதும் கூடாரத்துக்குப் பறந்தாள். ஒரு மருந்து, தண்ணீர், இன்னொரு மருந்து. பால்போன்ற மூட்டம் கரைந்தது. கண்ணாடியைக் கறுப்புத் துணிமேல் வைத்ததும் பாறை வெடிப்பு, வேர், ஒவ்வொரு இலை என்று எல்லாம் எழுந்து வந்தன. வானம் வெள்ளை. மருந்துக்கு நீலம் என்றால் பேராசை, வானத்தை அப்படியே விழுங்கிவிடும் என்றாள் அக்கா. அருவியில் ஒரு துளிகூடத் தனியாக இல்லை.

தோற்றது அவளுக்கு உறைக்கவே இல்லை. "மூடியைத் திறந்ததுலேருந்து விழுந்த தண்ணி அத்தனையும் இதுக்குள்ள இருக்குக்கா."

வீடு திரும்பியதும் நேராகப் பழைய படத்தின் முன்னால் போய் நின்றாள். வெகுநேரம் நகரவில்லை.

"அக்கா, இவன் எங்க நின்னிருக்கான் பாரு. ரெண்டு கரையும் தெரியுது, அப்ப ஆத்து நடுவுல. கூடாரம் கரையிலதானே இருந்திருக்கும்? ஈரக் கண்ணாடியோட இந்த வழுக்குப் பாறையில போய், திரும்பியும் ஓடி வந்திருக்கான்."

தினமும் அந்தப் படத்தைப் பார்க்கிற அக்காவுக்கு இது தோன்றியதே இல்லை. மூக்கு படத்தின் சட்டத்தில் இடிக்க உற்றுப் பார்த்தாள்.

"கழட்டுக்கா அதை."

"நீதானே தோத்தே?"

"தோத்துட்டேன். பரணுக்கு இல்ல, என் வீட்டுக்கு."

அக்கா சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் விரித்தாள்.

"கையை வெச்சே, தெரியும் சேதி."