பலூன்காரர் வீட்டு ஆயுத பூஜை

உத்திரமேரூரில் என் எதிர்வீட்டு இருசப்பனைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. முதல் ஆள் நான்தான். பலூன் விற்கிற மனிதர். தெருவில் எவன் பீடி பற்றவைத்தாலும் சைக்கிளோடு பத்தடி தள்ளிப் போய்விடுவார். “தள்ளிக் குடி நைனா, உனக்குப் புண்ணியமா போவும்” என்று என்னையே எத்தனை முறை விரட்டியிருக்கிறார்! எனக்கு எரிச்சலாக வரும். பலூனில் இருப்பது காற்றுதானே?

அவர் மனைவி ஜெயம்மாளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். மழை பொய்த்துக் கூலி வேலை நின்றுபோன வருஷம், இருசப்பனும் கூட்டாளி கோபாலும் சென்னையில் ஒரு பட்டறைக்குப் போய்த் தொழில் கற்று வந்தார்கள். இரும்பு டிரம்முக்குள் காஸ்டிக் சோடாவும் அலுமினியத் துண்டும் தண்ணீரும் சேர்ந்து கொதித்தால் வாயு கிளம்பும். நெருப்பு பட்டால் தீர்ந்தது கதை. தீப்பிடிக்காத வாயு வேறொன்று இருக்கிறதாம். அது வெளிநாட்டுச் சரக்கு, நம் கண்ணில் படாது என்று பட்டறைக்காரன் சொல்லிவிட்டானாம். இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. மனைவியிடம் அவர் ‘மிஷின் காத்து’ என்றுதான் சொல்லிவைத்திருந்தார். உண்மை தெரிந்தால் அவள் வாசல்படி தாண்ட விடமாட்டாள்.

எண்பத்தொன்றில், இருவரும் பலூன் விற்கக் காஞ்சிபுரம் திருவிழாவுக்குப் போன இடத்தில் கோபால் செத்துப்போனார். பஸ்ஸில் அடிபட்டுவிட்டான் என்று இருசப்பன் வந்து சொன்னார். ஒரு வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வருஷ ஆயுத பூஜை. எப்போதும் டிரம்மைக் காலி செய்து கழுவித்தான் பூஜைக்கு வைப்பார். அன்று மாலை பக்கத்து ஊர் திருப்புலிவனத்தில் கூட்டம் சேரும் என்று காலையிலேயே வாயு ஏற்றி, பத்துப் பன்னிரண்டு பலூனை நிரப்பி டிரம்மின் கைப்பிடியில் கட்டி வாசலில் நிறுத்திவிட்டு, பூசணிக்காய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். வந்து டிரம்மைத் தள்ளி வைத்த பிறகுதான் பூஜை என்று அவர் கணக்கு. ஜெயம்மாளுக்கோ ராகுகாலத்துக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். டிரம்முக்கு விபூதி பூசி, குங்குமம் வைத்து, பூ சுற்றினாள். தட்டில் கற்பூரம் ஏற்றினாள்.

நான் என் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தெருமுனையில் திரும்பிய இருசப்பன் அப்படியே நின்றுவிட்டார். கத்தவில்லை. கத்தினால் அவள் கை பதறும். பூசணிக்காயைச் சத்தமில்லாமல் தரையில் வைத்துவிட்டு, அடிமேல் அடி வைத்து வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. ஜெயம்மாள் இரண்டாவது சுற்று சுற்றிக்கொண்டிருந்தாள். காற்றில் ஒரு மஞ்சள் பலூன் தாழ்ந்து தட்டுப் பக்கம் வந்தது. 

பின்னாலிருந்து வந்தவர், எரிகிற கற்பூரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

“இன்னா மனுசன்யா நீ! உன் உசுருக்குத்தான வேண்டிக்கினு கீறேன், அத்தப் போயி அணைச்சிட்டியே!”

அழுதுகொண்டே வத்திப்பெட்டியை எடுத்தாள். பூஜைக் கற்பூரம் பாதியில் அணைந்தால் புருஷனுக்கு ஆகாது, உடனே ஏற்றியாக வேண்டும் என்று அவளுக்குப் பதற்றம். இருசப்பன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவள் உதறினாள்.

“கோபாலு பஸ்ஸுல அடிபட்டு சாவல, ஜெயா.”

உரசாத குச்சி கீழே விழுந்தது. அவள் டிரம்மைப் பார்த்தாள். வெந்துபோன அவர் கையைப் பார்த்தாள்.

“இத்தினி நாளா இத்தயா சைக்கிள்ல வச்சிக்கினு சுத்துன?”

“வேற இன்னா பொயப்பு கீது நமக்கு?”

 எனக்கு அவ்வளவு நாள் கேலி செய்ததற்கு வெட்கமாக இருந்தது.

மாலையில் கையில் துணி சுற்றிக்கொண்டு கிளம்பினார். கேரியரில் டிரம்மைக் கட்டும்போது அவள்தான் பிடித்துக்கொண்டாள். பிறகு தெருமுனையில் போய் நின்றவள் இருட்டியும் நகரவில்லை. “வந்துடுவாரு, வூட்டுக்குப் போம்மா” என்றேன்.

அவள் திருப்புலிவனம் பக்கமே பார்த்துக்கொண்டு, “எங்கனா சத்தம் கேட்டுச்சாண்ணா?” என்றாள்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் என்னிடம் அதையேதான் கேட்பாள்.