பாதியில் பறித்த கதை

வென்ட்வேர்த்வில் மண்டபத்தில் நூல் வெளியீடு. மெல்பேர்னிலிருந்து இதற்காகவே ரயிலேறி வந்திருக்கிறேன். மேடையில் சுவாசிலாந்தின் எழுத்தாளர், ஆசிரியை நொம்சா.

"கதிரை முடிஞ்சுது அங்கிள், நிண்டுதான் கேக்கோணும்" என்கிறாள் வாசலில் நிற்கும் தமிழ்ப் பெண். "ஆளைத் தெரியுமோ?"

"ஓம் பிள்ளை. இவ படிப்பிச்ச பள்ளிக்கூடத்திலை நான் அதிபர்."

மீதியைச் சொல்லாமல் சுவரோரமாய்ப் போய் நிற்கிறேன். முப்பது வருடங்களுக்கு முன், சுவாசிலாந்தில் நான் நடத்திய அந்தப் பள்ளியில், சுவாசி மொழியில் தான் எழுதிய கதையை நொம்சா வகுப்பில் வாசித்துக்கொண்டிருந்தார். ஆங்கிலம் மட்டுமே என்பது பள்ளியின் விதி. நான் தாளைப் பறித்து, மாணவிகள் முன்னால் அவரை மன்னிப்புக் கேட்க வைத்தேன்.

கேள்வி நேரத்தில் கை தூக்குகிறேன். நடந்ததைச் சொல்லி, எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

நொம்சா என்னை உற்றுப் பார்க்கிறார். பிறகு வாய்விட்டுச் சிரிக்கிறார்.

"சேர், கதையைப் பாதியில் பறித்துவிட்டீர்களே! முடிவு தெரியாமல் இத்தனை வருடம் எப்படித் தூங்கினீர்கள்?"

மண்டபமே சிரிக்கிறது. இறங்கி வந்து, என் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப்போய், தன் கதிரையில் இருத்துகிறார். புத்தகத்தில் அந்தக் கதை இருக்கும் பக்கத்தைத் திறந்து, நின்றுகொண்டே, விட்ட இடத்திலிருந்து சுவாசியில் வாசிக்கிறார்.

கதை முடிகிறது. மொழி தெரியாத சனம் எல்லாம் எழுந்து கைதட்டுகிறது. முதலில் எழுந்தவன் நான்.