சுவரில் தொங்கிய சிறந்த தொழிலாளி

துறைமுகத்துக்குப் பக்கத்துச் சீமெந்துக் களஞ்சியத்தில் மூட்டை தூக்குகிறேன். எங்கள் முகாமையாளர் கொழும்புக்கு மூன்று நாள் வகுப்புக்குப் போய் வந்தார். ஆளைப் பாராட்டினால் வேலை பெருகும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்களாம். வந்த கையோடு, இந்த மாதச் சிறந்த தொழிலாளி நான்தான் என்று என் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அடுத்த கிழமை மனைவிக்குக் கண்ணில் ஒப்பரேசன். கூட நிற்க ஒரு நாள் லீவு கேட்டேன்.

"நீங்களே லீவு கேட்டா மற்றவங்கள் என்ன செய்வாங்கள்? அந்தப் படத்தை ஒருக்காப் பாருங்கோ" என்றார்.

பார்த்தேன். படத்தில் இருந்தவன் சிரித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு மனைவி இருப்பதாகவே தெரியவில்லை.

"அப்ப அவர் வேலைக்கு நிக்கட்டும் ஐயா. நான் ஆஸ்பத்திரிக்குப் போறன்."

போனேன். ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. மறுநாள் வேலைக்கு வந்தால் சட்டத்துக்குள் வேறு முகம். என்னோடு மூட்டை தூக்கும் கிண்ணியா ஊர்க்காரனின் முகம். நான் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கை தட்டினேன்.

"சிரிக்காதீங்க அண்ணே" என்றான். "வாற கிழமை தங்கச்சிக்குக் கலியாணம். இனி எனக்கு ஆர் லீவு தருவா?"